நூற்றெண்பது என்கிறது முள்

கதவில் பதித்த வட்டத்துக்குள்
நூற்றெண்பது என்கிறது முள்.
மடித்தால் சூட்கேஸ், விரித்தால்
தகரத்தில் ஒரு சின்ன அறை, இந்த ஓவன்.
அதற்குக் கீழே ஒற்றை கேஸ் அடுப்பு.
அடுப்புக்குக் கீழே பாசிர் பாஞ்சாங் மணல்.
சுற்றிலும், யாரையும் கேட்காத கடற்காற்று.

பயான் லெப்பாஸில் என் வேலையே சூடுதான்.
பதினோரு வருஷமாக.
பத்து அறைகளாய் நீண்டு கிடக்கும் இயந்திரம்;
ஒரு முனையில் பச்சைப் பலகைகள் நுழையும்,
மறுமுனையில் பற்றாசு உருகி ஒட்டி வெளிவரும்.
இரண்டு டிகிரி பிசகினால் என் கைப்பேசி அலறும்,
லீவு நாளிலும்.
அந்தத் திமிரில்தான் சொன்னேன்:
மாவை நீங்கள் பிசையுங்கள், சூடு என் பொறுப்பு.

முதல் தட்டு.
கடல்பக்கத்து பன்கள் வெளுத்து, விரல் வைத்தால் ஒட்டின.
நடுவில் இருந்தவற்றுக்கு அடி கரி.
பன் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு.
சியூ ஹூன் ஒன்றும் சொல்லவில்லை,
கரிந்த அடியை நகத்தால் சுரண்டி
மணலில் உதறினாள்.
உள்ளே வைத்த தேங்காய்ப்பூவும் வெல்லமும்
எந்தத் தவறும் செய்யாமல் ஒழுகின.
"லைன் ஸ்டாப்பா?" என்றாள் ஹமீமா.
சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

பையிலிருந்து மஞ்சள் ஒயரை எடுத்தேன்.
திருடவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கியது.
நுனியை மூலை மூலையாக நீட்டிப் பார்த்தேன்.
கடல்பக்கச் சுவரோரம் நூற்று முப்பத்தெட்டு.
சுவாலைக்கு நேர் மேலே இருநூற்று முப்பது.
முள் மட்டும் நூற்றெண்பது.
பொய் சொல்லவில்லை அது, பாவம்,
தான் நிற்கும் இடத்தைச் சொல்கிறது
என்று அதற்காக வாதாடினேன்.

கல் வைக்கலாம் என்று மோகனராணி
அலை நனைத்த உருண்டை ஒன்றைக் கொண்டுவந்தாள்.
ஈரக்கல் வெடிக்கும், வேண்டாம்.
கார் பூட்டில் கிடந்தது
முனை உடைந்த ஒரு செம்மண் ஓடு,
யார் வீட்டுத் தரைக்கோ வாங்கி மீந்தது.
அதைத் தட்டுக்கும் தீக்கும் நடுவில் படுக்கவைத்தோம்.
சுவருக்கும் ஓட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி:
சூடு ஏறிவர வழி வேண்டுமே.
ஐஸ் பெட்டி மூடியைக் காற்றுப் பக்கம் நட்டோம்,
கேஸ் புட்டிக்கு மூச்சு முட்டாத தூரத்தில்.
பிறகு இருபது நிமிஷம் வெறும் ஓவன்.
ஓடு குடிக்கட்டும் முதலில்.

ஒயரை மறுபடி நீட்டினேன்.
தொண்ணூற்றிரண்டாக இருந்த வித்தியாசம் இருபது.
அந்த இருபது
இறங்கவே மாட்டேன் என்றது.

சவுக்கு மரத்தில் சாய்ந்து
அதை முறைத்துக்கொண்டிருந்தபோது உறைத்தது.
என் பத்து அறைகளும் ஒருநாளும்
ஒரே சூடாய் இருந்ததில்லை.
முதலறை வெதுவெதுப்பு,
எட்டாவதில் உச்சம், பத்தாவதில் குளிர்காற்று.
பலகை நகர்கிறது, அதனால் பிழைக்கிறது.
பதினோரு வருஷம் அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டவள்
சங்கிலியை மறந்துவிட்டு
சமமான சூட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே சங்கிலி யார்?

எட்டு நிமிஷத்துக்கு ஒருத்தி, என்று முடிவானது.
கதவைத் திற, தட்டை அரைவட்டம் திருப்பு, மூடு.
மூன்று நொடிக்கு மேல் எட்டிப் பார்ப்பவளுக்கு
பாத்திரம் கழுவும் வேலை.
சியூ ஹூன் திருப்பினாள். நான் திருப்பினேன்.
ஹமீமாவின் முறை வந்தபோது
பாயில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.
காலை ஏழுக்குத்தான் ஷிப்ட் முடித்து வந்தவள்.
மோகனராணி அவள் முறையையும் திருப்பினாள்,
சொல்லிக் காட்டாமல்.

பன்னிரண்டு பன்.
ஒரே நிறம் என்று சொல்லமாட்டேன்.
ஒரு வரிசை தேநீர், ஒரு வரிசை கொஞ்சம் பால் கூடிய தேநீர்.
ஒன்றும் ஒட்டவில்லை, ஒன்றும் கரியவில்லை.
உறங்குகிறவளுக்கு மூன்றை எடுத்து வைத்துவிட்டு
மற்றதைச் சுடச்சுடத் தின்றோம்.
வெல்லம் பட்டு என் நாக்கு வெந்தது.

வெயில் சாய்ந்து, ஓடு ஆறி,
கேஸ் புட்டியைக் கழற்றி,
கையால் தொட முடிகிற தகரத்தை
மடிக்கப்போகும்போது பார்த்தேன்,
முள்:
நூற்றெண்பது.